பெம்பா மொழி: அன்றாடச் சொற்களை எங்கிருந்து தொடங்குவது?

புதுவழி எழுதியது:
சாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதிக்கு (கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா பக்கம்) வேலைக்குப் போகிற சிலருக்காகப் பெம்பா மொழியில் ஒரு சின்னச் சொற்பட்டியல் தயாரிக்க வேண்டும். இணையத்தில் கிடைப்பதெல்லாம் "வணக்கம், நன்றி, எவ்வளவு" என்று முப்பது நாற்பது சொல்லோடு நின்றுவிடுகிறது. அதிலும் ஒரே சொல் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி. "நாற்காலி" ஓரிடத்தில் இச்சிப்புன, இன்னோரிடத்தில் இஃபிப்புன. "இரண்டு" என்பதற்கு நாலைந்து வடிவம். எதை எழுதிக்கொடுப்பது? தமிழ் எழுத்தில் எழுதினால் சரியாகப் படிக்க முடியுமா?

வேர்ச்சொல் எழுதியது:
முதலில் எழுத்து. தமிழ் எழுத்து இந்த மொழிக்கு நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே பொருந்தும். பெம்பாவின் சொந்தச் சொற்களில் க-வின் மெல்லொலியும் ட-வின் மெல்லொலியும் மூக்கொலிக்குப் பின்னால் மட்டுமே வரும். தமிழில் "பங்கு", "வண்டி" என்னும்போது வருகிற அதே ஏற்பாடு. ஒரே ஒரு வித்தியாசம்: மூக்கொலிக்குப் பின்னால் வல்லொலியும் வரும். அதனால் இந்த இழையில் இப்படி வைத்துக்கொள்வோம்.

ங்க, ண்ட, ம்ப என்றிருந்தால் தமிழில் படிப்பதுபோலவே. ங்க்க, ன்ட்ட, ம்ப்ப என்றிருந்தால் வல்லொலி. மனிதன் என்பது "உமுன்ட்டு". இதை "உமுண்டு" என்று படித்தால் தவறு. உயிருக்கு நடுவில் க்க, ட்ட, ப்ப, ச்ச என்று இரட்டித்திருப்பது வல்லொலியைக் காட்டத்தான், அழுத்திச் சொல்ல அல்ல. உயிருக்கு நடுவில் தனி "ப" வந்தால் "கோபம்" என்பதில் வரும் மென்மையான ப. உதடுகள் தொட்டும் தொடாமலும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ப-வும் பெரும்பாலும் அதேதான். வல்லொலி ப எங்கே வருகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன். ச எப்போதும் "அச்சம்" என்பதன் ச்ச. ஸ வேறு, ஷ வேறு. ர கிடையாது, வெளியிலிருந்து வந்த சொல்லின் ர இங்கே ல ஆகிவிடும்.

எழுத்து முறையில் இன்னொன்று. உரோமன் எழுத்தில் அவர்கள் பள்ளியில் எழுதுவது வேறு, பெயர்ப் பலகையில் எழுதுவது வேறு. ச ஒலிக்குப் பாடநூல்களில் ஒற்றை எழுத்து. ஆள் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் பழைய இரட்டை எழுத்து அப்படியே நிற்கிறது. வழக்கமாக எழுதும்போது உயிரின் நெடிலும் காட்டப்படுவதில்லை. "அழ" என்பதற்கு உக்குலில. "ஒன்றை வைத்துச் சாப்பிட, ஒருவருக்காகச் சாப்பிட" என்பதற்கு உக்குலீல. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தமிழில் எழுதினால் குறில் நெடில் தானாகப் பிரிந்துவிடும், இது நமக்கு லாபம்.

இனி உங்கள் நாற்காலி. இச்சிப்புன ஒருமை, இஃபிப்புன பன்மை. சொல்லின் பின்பகுதி "-ப்புன" மாறவில்லை, முன்னால்தான் மாறுகிறது. தமிழில் விகுதி செய்கிற வேலையை அங்கே முன்னொட்டு செய்கிறது. பெயர்ச்சொற்கள் எல்லாம் வகுப்பு வகுப்பாகப் பிரிந்திருக்கின்றன. 3 இட வகுப்புகளையும் சேர்த்து 18 என்று எண்ணுவது வழக்கம். பட்டியல் போடும்போது ஒருமையை மட்டும் எழுதாமல் இணையாக எழுதுங்கள்:

உமுன்ட்டு / அபன்ட்டு – மனிதன் / மனிதர்கள்
உம்வான / அபான – பிள்ளை / பிள்ளைகள்
உமுட்டி / இமிட்டி – மரம் / மரங்கள் (மருந்துக்கும் இதே சொல்)
இலீன்ஸோ / அமேன்ஸோ – கண் / கண்கள்
இச்சிப்புன / இஃபிப்புன – நாற்காலி, முக்காலி
இங்க்கொக்கோ – கோழி (ஒருமை பன்மை ஒன்றே)
உலுலிமி / இண்டிமி – நாக்கு, மொழி
அக்கஷிஷி / உட்டுஷிஷி – பூச்சி

உலுலிமி பன்மையில் இண்டிமி ஆவதைக் கவனிக்கவும். மூக்கொலிக்குப் பின்னால் ல வந்தால் அது ட-வின் மெல்லொலியாகிவிடும். இந்த ஒரு விதி தெரியாவிட்டால் அகராதியில் பாதிச் சொல் கிடைக்காது.

செம்புச்சாலை எழுதியது:
வேர்ச்சொல் சொல்வது சரிதான், ஆனால் சுரங்கத்துக்குப் போகிற ஆளிடம் 18 வகுப்பைக் கொடுத்தால் பட்டியலை மூடி வைத்துவிடுவார். செம்புப் பகுதியில் பேசுவது நகரப் பெம்பா. எண்களுக்கு எல்லாரும் ஆங்கிலம்தான். விலை, மணி, தேதி, ஷிஃப்ட் எல்லாம் அப்படியே. பெம்பா எண்களில் ஐந்து வரைக்கும்தான் அன்றாடத்தில் உயிர் இருக்கிறது. ஆறு முட்டாண்ட, ஏழு சினேலுபாலி, எட்டு சினேக்கொன்ஸெக்கொன்ஸெ, ஒன்பது பபுல (முதல் ப வல்லொலி), பத்து இக்குமி. எட்டைச் சொல்லி முடிப்பதற்குள் தக்காளிக்காரி அடுத்த ஆளிடம் பேசிக்கொண்டிருப்பார்.

அதனால் முதல் வாரத்துக்கு வாக்கியமாகவே கொடுங்கள். சந்தைக்கு இவ்வளவு போதும்:

நி ஷிங்க? – என்ன விலை?
ம்ப்பேனிக்கோ… – …கொடுங்களேன். (கடைசியில் வரும் "க்கோ" கேட்பதைத் தணிக்கிறது, அது இல்லாவிட்டால் கட்டளை)
அவே – இல்லை, வேண்டாம்
நாட்டோட்டெல – நன்றி
ம்பஸேல? – கொசுறு உண்டா?

ம்பஸேல முக்கியம். தெற்கு ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றி வந்த சொல். குவியல் கணக்கில் விற்கிற தக்காளி, வெங்காயம், உலர்மீன் எல்லாவற்றுக்கும் கேட்கலாம். விலையைக் குறைக்கச் சொல்வதைவிட இதைக் கேட்பதுதான் அங்கே சுலபமாக நடக்கும்.

சாலையோரப் பெட்டிக்கடை அக்கன்ட்டெம்ப, பல இருந்தால் உட்டுன்ட்டெம்ப. பேச்சில் முதல் உயிர் உதிர்ந்து "கன்ட்டெம்ப, டுன்ட்டெம்ப" என்றுதான் காதில் விழும். வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணிக்கு ஸலாவுல. குவியலைக் கிளறிப் பொறுக்குவது என்கிற வினையிலிருந்து வந்தது, இப்போது நாடு முழுக்கப் புழங்குகிறது. கப்பென்ட்ட என்றால் நெத்திலி அளவு ஏரி மீன், காயவைத்தது.

காசு குவாச்சா. "விடிந்துவிட்டது" என்று அர்த்தம். விடுதலைப் போராட்டக் காலத்து முழக்கம், 1968-இல் நாணயத்துக்குப் பெயரானது. 100 ங்வே ஒரு குவாச்சா. 2013 ஜனவரி 1 அன்று ஆயிரம் பழைய குவாச்சாவை ஒரு புதிய குவாச்சாவாக்கினார்கள். பழைய ஆட்கள் யாராவது ஒரு தொகையை மூன்று சுழி கூட்டிச் சொன்னால் பதறக்கூடாது.

வேர்ச்சொல் எழுதியது:
வாக்கியமாகக் கொடுப்பதில் மறுப்பில்லை. ஆனால் முன்னொட்டைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் அது பெயரோடு நிற்பதில்லை. "என்னுடைய" என்பதன் பகுதி -ஆண்டி. அதன் முன்னால் பெயரின் வகுப்பு வந்து ஒட்டும்:

உம்வான வாண்டி – என் பிள்ளை
அபான பாண்டி – என் பிள்ளைகள்
இச்சிப்புன சாண்டி – என் நாற்காலி
இஃபிப்புன ஃப்யாண்டி – என் நாற்காலிகள்

"நல்ல" -ஸும, "இரண்டு" -பிலி. இஃபிப்புன ஃப்யாண்டி ஃபிபிலி, என் இரண்டு நாற்காலிகள். அபன்ட்டு பபிலி, இரண்டு பேர். இமிட்டி இபிலி, இரண்டு மரம். புதுவழி பார்த்த நாலைந்து "இரண்டு" இவைதான். ஒவ்வொன்றும் தனிச்சொல் இல்லை. ஃபி-யைக் கேட்டதுமே பேச்சு எந்த வகைப் பொருளைப் பற்றியது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். சத்தமான சந்தையில் பெயர் காதில் விழாவிட்டாலும் விளங்குவது இதனால்தான். புதியவர்கள் செய்கிற பெரிய தவறு, எல்லாவற்றுக்கும் ஆட்களுக்கான முன்னொட்டைப் போட்டுவிடுவது. "இச்சிப்புன வாண்டி" என்றால் சிரிப்பார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள்.

ஒரு விலக்கு. குரங்கு கொல்வே, முயல் கலுலு. முன்னொட்டு இல்லாத பெயர்கள். பன்மையில் பக்கொல்வே, பக்கலுலு என்று ஆட்களுக்குரிய ப-வை வாங்கிக்கொள்கின்றன.

பனங்கூடல் எழுதியது:
சொல்லில ஒண்டு கவனிச்சீங்களோ, காலில போடுற சப்பாத்து பெம்பாவில இன்ஸப்பாட்டோ. ரெண்டும் போர்த்துக்கீசர் விட்டிட்டுப் போனதுதான். அவங்கட பக்கம் அங்கோலா, மொசாம்பிக் வழியாப் போயிருக்கு, எங்கட பக்கம் கொழும்பு, யாழ்ப்பாணம் வழியா வந்திருக்கு. இலங்கைத் தமிழ் ஆக்களுக்கு இந்தச் சொல்லைப் பாடமாக்கத் தேவையில்லை.

கடிதம் கலாட்ட, அதுவும் போர்த்துக்கீசம். சுவாகிலியில இருந்து வந்தது இன்னும் கூட: பாண் (ரொட்டி) உமுக்காட்டெ, அரிசி உமுப்புங்க, விமானம் இண்டெக்கெ (சுவாகிலியில பறவைக்கும் அதே சொல்தான்). வீட்டு வாசல்ல நிண்டு "ஓடி!" எண்டு கூப்பிடுவினம், உள்ளேயிருந்து "கலிபு" எண்டு பதில் வரும். யாரையும் ஓடச் சொல்லேல்லை, "வரலாமோ" எண்டு கேக்கினம். மூக்கொலி இல்லாமல் தனியா ட-வின் மெல்லொலி வாறதைப் பாத்தாலே வெளியால வந்த சொல் எண்டு பிடிக்கலாம். பதில் வராமல் உள்ள போறது மரியாதை இல்லை. கதவு திறந்து கிடந்தாலும்தான்.

புதுவழி எழுதியது:
அருமை. மரியாதைச் சொற்கள் பற்றியும் யாராவது சொல்லுங்கள். நீ/நீங்கள் வேறுபாடு உண்டா? மேற்பார்வையாளரை, வயதானவரை எப்படி அழைப்பது?

வேர்ச்சொல் எழுதியது:
உண்டு, தமிழர்களுக்கு இது மிகச் சுலபம். ஒருவரிடம் பேசினாலும் பன்மை போட்டால் மரியாதை. வினை ஏவலில் "-எனி" சேரும்: ஈஸ – வா, ஈஸெனி – வாங்க. இக்கால – உட்கார், இக்காலெனி – உட்காருங்க. லோலெல – பொறு, லோலெலெனி – பொறுங்க.

படர்க்கையிலும் அப்படியே. அப்பா போகிறார்: பட்டாட்டா பலேய. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "அப்பாக்கள் போகிறார்கள்". நம் "-ஆர்" விகுதியும் பன்மையிலிருந்து வந்ததுதானே. ஆள் பெயருக்கு முன்னாலும் இந்தப் ப நிற்கும்: ப முலெங்க, ப சாண்ட. ஆங்கிலப் பதவிப் பெயருக்கு முன்னாலும் அதையே ஒட்டி "ப டீச்சர்" என்பார்கள். மேற்பார்வையாளரை வெறும் பெயரால் கூப்பிடவே வேண்டாம், முன்னால் ஒரு "ப" போட்டால் போதும். முலெங்க, சாண்ட, ம்வான்ஸ, புவால்ய போன்ற பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மின்னஞ்சலில் பெயரை மட்டும் பார்த்து ஐயா அம்மா முடிவுசெய்ய முடியாது.

பிள்ளை பெற்றவர்களை மூத்த பிள்ளையின் பெயரோடு அழைப்பது மரியாதையான வழக்கம். சாண்டவின் தாய் பன சாண்ட, தந்தை பஷி சாண்ட.

முக்வாய் என்ற சொல்லைப் பட்டியலின் உச்சியில் எழுதுங்கள். ஐயா, அம்மா, "ங்க", எல்லாம் அதுதான். எந்த வாக்கியத்தின் கடைசியிலும் வைக்கலாம். காலையில் ம்வாஷிபுக்கெனி முக்வாய். பதில் எய முக்வாய். மாலையில் சுங்குலொப்போ முக்வாய். நலமா என்பதற்கு முலி ஷானி? பதில் ண்டிஃப்யே ப்வீனோ. வந்தவரை வரவேற்க ம்வாயிஸெனி. விடைபெறும்போது போகிறவர் இருப்பவரிடம் ஷாலெனிப்போ (நல்லபடியாக இருங்கள்), இருப்பவர் போகிறவரிடம் எண்டெனிப்போ அல்லது கஃபிக்கெனிப்போ (நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்). இவற்றை மாற்றிச் சொல்வது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிற பிசகு.

கேள்வி கேட்கும் முன் நலம் விசாரிப்பு கட்டாயம். சாலையில் வழி கேட்பதானாலும் முலி ஷானி முடிந்த பிறகுதான் "எங்கே". நேரே விஷயத்துக்கு வந்தால் கோபக்காரர் என்று நினைப்பார்கள். பொருளை வலக்கையால் கொடுக்கவும். பெரியவருக்கு என்றால் இடக்கையை வலது முழங்கையில் தாங்கிக்கொண்டு.

அத்தைமகன் எழுதியது:
உறவுமுறையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. தமிழர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும், மீதிப் பாதியில்தான் வழுக்கி விழுவார்கள்.

தெரிந்த பாதி: அப்பாவின் அண்ணன் தம்பியெல்லாம் அப்பாதான். டாட்டா முக்கலாம்ப என்றால் பெரியப்பா, டாட்டா ம்வாயிச்செ என்றால் சித்தப்பா. சொல்லமைப்பே "பெரிய அப்பா, சின்ன அப்பா". அம்மாவின் தங்கையும் அப்படியே, மாயோ ம்வாயிச்செ. ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பி தனிச்சொல்: யாம. அப்பாவின் அக்கா தங்கை தனிச்சொல்: மாயோஸெங்கெ. மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் முஃப்யால. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் உடன்பிறப்பு. முஃப்யால முறைப்பெண், முறைமாப்பிள்ளை. கட்டிக்கொள்ளும் முறை, கேலி பேசலாம். மாமனார் டாட்டாஃப்யால, மாமியார் மாயோஃப்யால. ஆங்கிலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் இடத்தில் பெம்பாக்காரரும் தமிழரும் ஒருவரை ஒருவர் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

வழுக்குகிற பாதி: மாம என்றால் பாட்டி. ஆம், பாட்டி. பேச்சில் நம் காதுக்கு "மாமா" என்றே விழும், தாய்மாமனைத் தேடாதீர்கள். தாத்தா ஷிக்குலு. டாட்டா என்பதோ அப்பா, தாத்தா இல்லை.

அடுத்தது இன்னும் சிக்கல். தாய் தந்தையர் யாருடையவர் என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறும். என் அப்பா டாட்டா, உன் அப்பா வீஸோ, அவன் அப்பா வீஷி. என் அம்மா மாயோ, உன் அம்மா நொக்கோ, அவன் அம்மா ஞின. இவற்றை இலக்கணத்தால் உருவாக்க முடியாது, மனப்பாடம்தான். மாயோ என்பதை முன்பின் தெரியாத வயதான பெண்ணையும் "அம்மா" என்று கூப்பிடப் பயன்படுத்தலாம்: பமாயோ. நொக்கோவை மட்டும் தெருவில் எடுக்கவேண்டாம். "உன் அம்மா" என்று தொடங்கும் வாக்கியம் எந்த ஊரிலும் சண்டையில்தான் முடியும்.

பெம்பாக்களிடம் குலம் தாய்வழி. பிள்ளை அம்மாவின் குலத்தைச் சேரும். அரச குலம் அபேன ஙாண்டு, முதலைக் குலம். சிட்டிமுக்குலு என்ற பெம்பா அரசர் பட்டம் மகனுக்குப் போகாது; தாய்வழியில் தம்பிக்கு, சகோதரி மகனுக்கு. சகோதரியின் பிள்ளைக்கு உம்வீப்வ என்று தனிச்சொல் இருப்பதும் யாமவுக்கு வீட்டில் இருக்கும் செல்வாக்கும் இதனோடு சேர்ந்தவை.

அடுப்படி எழுதியது:
சாப்பாடு இல்லாமல் என்ன சொற்பட்டியல்? உப்வாலி, அதாவது மாவுக்களி. பழைய பெம்பா நாட்டில் கேழ்வரகு (அமாலே), இப்போது பெரும்பாலும் வெள்ளை மக்காச்சோளம், சில இடங்களில் மரவள்ளி மாவு கலந்து. கேழ்வரகுக் களி கிண்டுகிற கைகளுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மற்றதைச் சமைப்பது உக்வீப்பிக்க, உப்வாலிக்கு மட்டும் தனி வினை: உக்குனாய. "உப்வாலியை உக்வீப்பிக்க" என்று சொன்னால் புரியும், ஆனால் வெளியூர் ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நான்கு பேருக்கு: தண்ணீர் (அமேன்ஷி) 1 லிட்டர், மாவு (உபுங்க) சுமார் 350 கிராம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே 100 கிராம் மாவைக் கரைத்துவிடவேண்டும். கொதித்த பிறகு போட்டால் கட்டி தட்டும், அதை எந்தத் துடுப்பாலும் உடைக்க முடியாது. கிளறிக்கொண்டே கஞ்சியாகக் கொதிக்க விட்டு, மூடி 7 முதல் 10 நிமிடம். இந்தக் கொதியைச் சுருக்கினால் களியில் பச்சை மாவு வாடை நிற்கும். கஞ்சி வெளியே தெறிக்கும், மூடியைத் திறக்கும்போது கை கவனம். பிறகு தீயைக் குறைத்து மீதி 250 கிராமைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு மரத்துடுப்பால் (உம்வீக்கோ) பாத்திரத்தின் பக்கச் சுவரில் அழுத்தி அழுத்திக் கிண்டவேண்டும். கடைசியில் 2 நிமிடம் மூடி வைத்து இறக்கலாம். கடையில் மாவு இரண்டு விதம்: பிரேக்ஃபாஸ்ட் என்பது வெளுத்த மென்மாவு, ரோலர் என்பது கொஞ்சம் தவிடு சேர்ந்தது, விலை குறைவு. ரோலருக்குத் தண்ணீர் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

தொட்டுக்கொள்வது எல்லாமே உமுனானி. மீனானாலும் கீரையானாலும் ஒரே சொல். உமுனானி இல்லாத உப்வாலி சாப்பாட்டுக் கணக்கில் வராது. கீரைகளில் பூசணி இலை சிப்வாப்வ, வள்ளிக்கிழங்கு இலை கலெம்புல, மரவள்ளி இலை கட்டாப்ப. இடித்த நிலக்கடலையில் (இம்பலால) வேகவைத்த கீரை இஃபிஸாஷி. எண்ணெய் வேண்டாம், கடலையே எண்ணெய் விடும். மரவள்ளி இலையை நன்றாக இடித்து நீண்ட நேரம் வேகவைக்காமல் உண்ணக்கூடாது, நஞ்சு இருக்கிறது. மழைக்காலத்தில் இஃபிஷிமு என்று கம்பளிப்புழுக்கள் சந்தைக்கு வரும், குடலைப் பிதுக்கி எடுத்து வேகவைத்து உலர்த்தியவை. வறுத்தால் மொறுமொறு.

சாப்பிடும் முன் தண்ணீர்க் கிண்ணம் சுற்றி வரும்: உக்குஸாம்ப க்கு மின்வே, கை கழுவ. ஊற்றுபவர் இளையவர், முதலில் கழுவுபவர் பெரியவர் அல்லது விருந்தாளி. வலக்கையால் ஒரு உருண்டை எடுத்து உருட்டி, கட்டைவிரலால் குழி அழுத்தி, அதில் உமுனானியை அள்ளவேண்டும்.

புதுவழி எழுதியது:
காலம் காட்டுவது எப்படி? "நேற்று", "நாளை" இரண்டுக்கும் மய்லோ என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழையா?

வேர்ச்சொல் எழுதியது:
பிழை இல்லை. மய்லோ இன்றிலிருந்து ஒரு நாள் தள்ளி, எந்தப் பக்கமும். புல்ய புஷிக்கு இரண்டு நாள் தள்ளி, முந்தாநாளும் நாளை மறுநாளும். இன்று மட்டும் லேலோ. குழப்பம் வராது, ஏனென்றால் திசையை வினை சொல்லிவிடுகிறது. எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. உக்குபோம்ப – வேலை செய்ய. "அவர்கள் வேலை செய்தார்கள்" என்பதற்கு நான்கு வடிவம்:

பாலிபோம்பெலெ – நேற்றைக்கும் முன்னால்
பாபோம்பெலெ – நேற்று
பாச்சிபோம்ப – இன்று, சற்று முன்னதாக
பாபோம்ப – இப்போதுதான், ஏறக்குறைய 3 மணி நேரத்துக்குள்

எதிர்காலத்துக்கும் நான்கு:

பாலாபோம்ப – இதோ, 3 மணி நேரத்துக்குள்
பலேபோம்ப – இன்றைக்கே, பிற்பாடு
பக்கபோம்ப – நாளை
பக்கபோம்ப – அதற்கும் பிறகு

கடைசி இரண்டும் எழுத்தில் ஒன்றே. க்க-வின் அசையைத் தாழ்த்திச் சொன்னால் நாளை, உயர்த்திச் சொன்னால் அதற்கப்பால். பெம்பாவில் அசைக்கு உயர்சுரம், தாழ்சுரம் உண்டு. எழுத்தில் காட்டுவதில்லை, காதால்தான் பிடிக்கவேண்டும். புதியவர்கள் நாள் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் தப்பலாம்.

செம்புச்சாலை எழுதியது:
வேலைத்தளத்தில் இது நிஜமாகவே உதவும். "பம்பைச் சரிசெய்துவிட்டார்களா" என்று கேட்டால் பதிலில் வரும் வினையைக் கேளுங்கள். "பாச்சி-" என்றால் காலையில் முடிந்தது. "பலே-" என்றால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அல்லது இன்றைக்குள் செய்வார்கள். எது என்று மறுபடி கேட்கவேண்டும். "பக்க-" என்றால் இன்றைக்கு எதிர்பார்க்காதீர்கள்.

வினையின் வாலையும் கவனிக்கச் சொல்லுங்கள், சொற்பட்டியல் பாதியாகச் சுருங்கும். வாங்க உக்குஷிட்ட, விற்க உக்குஷிட்டிஷ, அதாவது "வாங்கவை". கற்க உக்குஸம்பிலில, கற்பிக்க உக்குஸம்பிலிஷ. அதே வால் சில வினைகளில் அளவைக் கூட்டும்: உக்குபோம்பெஷ என்றால் கடுமையாக உழைக்க. மூட உக்வீஸல, திறக்க உக்வீஸுல. கட்ட உக்குக்காக்க, அவிழ்க்க உக்குக்காக்குல. அல-வுக்குப் பதில் உல வந்தாலோ, கடைசியில் உல ஒட்டினாலோ செய்ததைக் கலைப்பது. விரும்ப உக்குட்டெம்வ, ஒருவரை ஒருவர் விரும்ப உக்குட்டெம்வான. கேட்க, விளங்க உக்கும்ஃப்வ, ஒத்துப்போக உக்கும்ஃப்வான.

பனங்கூடல் எழுதியது:
ஆசுப்பத்திரிச் சொல்லும் போடுங்கோ. ஆசுப்பத்திரி இச்சிப்பட்டால, நோயாளி உமுல்வேலே, மருந்து உமுட்டி. தலை இடிக்குது எண்டால் உமுட்வே உலேக்கலிப்ப. வயிறு நோகுது எண்டால் முண்ட முலேக்கலிப்ப. ரெண்டிலயும் வினையின்ர முன்னுக்குப் பாருங்கோ. தலைக்கு "உ", வயித்துக்கு "மு". ஏன் எண்டால் அவங்கள் "வயிறு நோகுது" எண்டு சொல்லிறேல்லை, "வயித்துக்குள்ள நோகுது" எண்டுதான் சொல்லுவினம். அந்த "உள்ள"தான் எழுவாய். நேர்ஸ் "முண்ட?" எண்டு கேட்டால் வயித்தைப் பற்றித்தான் கேக்கிறா.

வேர்ச்சொல் எழுதியது:
மு, கு, ப (வல்லொலி) ஆகிய மூன்றும்தான் நான் முதலில் சொன்ன இட வகுப்புகள். மு ஙாண்ட வீட்டுக்குள், கு ஙாண்ட வீட்டுக்கு, ப ஙாண்ட வீட்டில், வீட்டருகில். மு ஙாண்ட முலி அபன்ட்டு, வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே வினை ஆட்களோடு இசையவில்லை, "உள்ளே" என்பதோடு இசைகிறது. வழி கேட்கும்போது வலம் உக்குல்யோ, இடம் உக்குஸோ. உக்குல்ய என்றால் சாப்பிட. சாப்பிடுகிற பக்கம் வலப்பக்கம் என்று நினைவு வைத்துக்கொண்டால் மாறாது.

செம்புச்சாலை எழுதியது:
ஒரு எச்சரிக்கை. தலைநகர் லுசாக்கா வழியாகப் போகிறவர்கள் அங்கே கேட்பது பெரும்பாலும் நியாஞ்சா. ஸிக்கோமோ என்றால் அந்த மொழியில் நன்றி. செம்புப் பகுதியில் புரியும், ஆனால் பெம்பா இல்லை. நாட்டில் பள்ளிக்கும் வானொலிக்கும் ஏற்ற வட்டார மொழிகள் 7: பெம்பா, நியாஞ்சா, டோங்கா, லோசி, கவோண்டே, லுண்டா, லுவாலே. 2010 மக்கள் கணக்கெடுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெம்பாவைத் தாம் பெரும்பாலும் பேசும் மொழியாகச் சொன்னார்கள், அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மேற்கே சோல்வேசி சுரங்கத்துக்கு மாற்றினால் அங்கே மண்ணின் மொழி கவோண்டே. பெம்பா வேலைத்தளத்தில் ஓடும், கிராமத்தில் கேட்டுவிட்டுத்தான் பேசவேண்டும்.

புதுவழி எழுதியது:
சரி, பட்டியலை இப்படி அமைக்கிறேன். முதல் பக்கம்: முக்வாய், வாழ்த்துகள், சந்தை வாக்கியங்கள். இரண்டாம் பக்கம்: பெயர்ச்சொற்கள் 40, ஒவ்வொன்றும் ஒருமை, பன்மை, "என்னுடைய" ஆகிய மூன்று வடிவத்தோடு. மூன்றாம் பக்கம்: வினைகள் 25, ஏவலும் மரியாதை ஏவலும். உறவுமுறைக்கும் காலத்துக்கும் தனித்தாள். எண்கள் ஐந்து வரை.

வேர்ச்சொல் எழுதியது:
நன்று. இரண்டாம் பக்கத்தில் அகர வரிசை வேண்டாம். முதல் உயிர் எல்லாவற்றுக்கும் அ, இ, உ என்றுதான் வரும், தேட முடியாது. முன்னொட்டை மெல்லிய எழுத்திலும் பகுதியைத் தடித்த எழுத்திலும் போட்டு, வகுப்பு வாரியாக அடுக்குங்கள். சோல்வேசி போகிறவர்களுக்குக் கவோண்டேக்கு ஒரு பத்தி காலியாக விட்டுவையுங்கள். அங்கே கேட்டு அவர்களே நிரப்பிக்கொள்ளட்டும்.